அக்கா வீட்டு அலைவரிசை

ரெங்காயி துணிமணி வைக்க ஓர் இரும்பு அலமாரி வாங்கத்தான் கோத்தகிரிக்குப் போனாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்தில், புகுந்த வீட்டுக்கு அழைத்து வருகிற பெண்ணைப்போலப் பழைய சேலை போர்த்திக்கொண்டு, ஒரு வால்வு ரேடியோ உட்கார்ந்திருந்தது.

பழைய சாமான் கடைக்காரர் ஹபீப் அதை அவளுக்கு விற்கத் தயங்கினார். ஏதோ ஒரு துரை பங்களாவில் இருந்து, துரைக்குப் பின் வந்தவர்களிடமும் அவர்களுக்குப் பின் வந்தவர்களிடமும் கைமாறி அவர் கடைக்கு வந்து சேர்ந்த பெட்டி அது. தேக்கு மரம், முன்பக்கம் மங்கிய தங்க நிறத் துணி, அதற்குக் கீழே பல்வரிசைபோல வெள்ளைப் பொத்தான்கள், இரண்டு பக்கமும் உள்ளங்கை நிறைகிற குமிழ்கள், நடுவில் கண்ணாடிப் பட்டையில் லண்டன், கெய்ரோ, ரங்கூன், கொழும்பு என்று ஊர்ப்பெயர்கள்.

"இது பாடாதும்மா. உள்ள ஒரு வால்வு செத்துப்போச்சு. ரிசார்ட்காரங்க அழகுக்கு வாங்கிட்டுப் போயி மேல பூச்சாடி வைப்பாங்க. உங்களுக்கு எதுக்கு?" என்றார் ஹபீப்.

"பாடாட்டிப் போகுது. வீட்டுல நான் மட்டும் என்ன பாடிக்கிட்டா இருக்கேன்" என்றாள் ரெங்காயி. அவளுடைய விரல் கண்ணாடியில் கொழும்பு என்ற எழுத்தின் மேலேயே இருந்தது.

எங்கள் காலனிக்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு; சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு அது சிலோன் காலனி. இலங்கை மலைத்தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்களை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசிப் பங்கு பிரித்தபோது, அண்ணனுக்கு இந்தியா என்றும் தம்பிக்கு இலங்கை என்றும், தாய்க்குக் கப்பல் உண்டு என்றும் மகளுக்குக் கப்பல் இல்லை என்றும் ஆனபோது, அழுதுகொண்டே மூட்டை கட்டி, ரயிலேறி, கப்பலேறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, இந்த நீலகிரிக்கு வந்து, மறுபடியும் அதே கொழுந்தைப் பறிக்க ஆரம்பித்தவர்கள் நாங்கள். ரெங்காயி அப்போது தாவணி போட்ட பெண். அவளும் அம்மாவும் வந்தார்கள். அக்கா நல்லம்மா கல்யாணமாகி வேறு வீட்டு மருமகளாகிவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டாள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு அங்கே கலவரம் வந்தது, வரிசை வீடுகளான லயங்கள் எரிந்தன, சனங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் ஓடினார்கள், போட்ட கடிதமெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அம்மா நல்லம்மா நல்லம்மா என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். ரெங்காயிக்குக் கல்யாணமானது, மகள் பிறந்தாள், மகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள், புருஷன் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் ரேடியோ வந்தது.

வயரிங் வேலை பார்க்கிற யோகராசுதான் அதற்கு ஒயர் மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் பரவியது, பெட்டி மெல்லச் சூடேறியது, சூடான மரத்தின் வாசம் வந்தது, தேனீக் கூட்டம்போல ஓர் இரைச்சல் வந்தது, அந்த இரைச்சல் வடிந்து தகரக்கூரை மேல் மழையானது, மழைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஏ சரோஜா, வெறகு நனையுது பாரு. அந்தச் சாக்க இழுத்துப் போடு புள்ள."

ரெங்காயி முந்தானையால் ரேடியோவின் மேல்பக்கத்தைத் துடைத்தாள். "எங்கக்கா" என்றாள் யோகராசுவிடம். "தொண்டைதான் கொஞ்சம் கட்டியிருக்கு. உக்காரு, தேத்தண்ணி போடுறேன்."

யோகராசு அந்தக் குமிழைத் திருப்பிப் பார்த்தான். முள்ளை லண்டனுக்குக் கொண்டுபோனால் அடுப்படி. விறகு வெடிப்பதும் சட்டியில் கரண்டி உரசுவதும் கேட்டன. ரங்கூனுக்குக் கொண்டுபோனால் வாசல். கோழியும் குழாய்த் தண்ணீரும் கேட்டன. கொழும்பில் வைத்தால் நல்லம்மா படுக்கிற அறை. அதற்கு அந்தப் பக்கம் முள் நகரவில்லை. உலகத்து ஊர்களின் பெயரையெல்லாம் எழுதி வைத்திருந்த அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு லயத்து வீடுதான்.

பின்பக்கத்தைக் கழற்றி, "ஹபீப் பாய் சொன்னது நெசம், வால்வு செத்துத்தான் இருக்கு" என்று யோகராசு சொன்னான். அதற்குமேல் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. எப்படிக் கேட்கிறது என்பது எங்களுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஒரு கையெழுத்தில் தாயும் பிள்ளையும் இரண்டு நாடாவதைப் பார்த்தவர்கள் நாங்கள்; செத்த வால்வு பேசுவதிலா ஆச்சரியப்படப் போகிறோம். ஏன் ரெங்காயி வீட்டுக்கு மட்டும், ஏன் எங்கள் வீட்டுக்கு இல்லை என்பதுதான் எங்கள் வருத்தமாக இருந்தது.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், பிறகு அவர்கள் புருஷன்மார் வந்தார்கள், பிறகு வேலை முடிந்து வருகிற எல்லோருமே கை கால் கழுவிக்கொண்டு ரெங்காயி வீட்டில் வந்து உட்கார ஆரம்பித்தோம். நல்லம்மாவின் புருஷன் எப்போதோ போய்விட்டார் என்றும், மகன் கொழும்பில் ஓட்டல் வேலையில் இருக்கிறான் என்றும், வீட்டில் அவளும் மருமகள் சரோஜாவும்தான் என்றும் பேச்சிலிருந்து பேச்சாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டோம். ஒரு பொம்பளை தன் வீட்டுக்குள் பேசுவதை ஊரே உட்கார்ந்து கேட்பது பாவமில்லையா என்று சிலர் கேட்டார்கள். அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டோம்: அவள் குளிக்கும்போதும் அழும்போதும் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் குறைக்க வேண்டியதில்லை.

அங்கே அக்கா உலை வைத்தால் இங்கே ரெங்காயியும் உலை வைத்தாள், அக்கா வெங்காயம் அரிந்தால் இவளும் அரிந்தாள், அக்கா சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இவளும் தட்டோடு ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் வெயிலும் பசியும் ஒன்றாகவே வந்தன. சில சமயம் "என்னக்கா, இன்னைக்கும் கீரைதானா" என்று கேட்பாள். சில சமயம் அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே கரண்டிச் சத்தம் நிற்கும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். பிறகு கரண்டி மறுபடியும் உரசும்.

வாசலைத் தாண்டி முள் போகாததால், அந்த வாசலுக்கு வருகிறவர்களுக்காக நாங்கள் காத்திருந்தோம். யாராவது வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் காலனியே காதைத் தீட்டிக்கொண்டது. கலவரத்தில் எந்தத் தோட்டத்துக்கு ஓடினான் என்றே தெரியாத தன் அண்ணன் வேலாண்டி செத்ததை, எங்களில் பூரணி என்பவள் அப்படித்தான் அறிந்தாள். "மேட்டு லயத்து வேலாண்டி போயிட்டாராம், ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்று நல்லம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்ப, அவள் வாசல்படி இறங்குவதற்குள் இங்கே பூரணி தலைவிரித்துக்கொண்டு தரையில் விழுந்துவிட்டாள். அன்றைக்கு நாங்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. பூரணி வீட்டில் தலைமுழுகினார்கள்.

அடைக்கலம் என்ற பெரியவருக்குத் தம்பி ஒருத்தன் அங்கே உண்டு. சின்ன வயதிலேயே ஒருவிதமாகக் கனைத்துவிட்டுப் பேசுகிற பழக்கம் அந்தத் தம்பிக்கு. அடைக்கலம் தினமும் வந்து, முள்ளை ரங்கூனில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கனைப்புக்காகக் காத்திருப்பார். கோழி கனைக்கிறதுபோலத் தோன்றினாலும் நிமிர்ந்து உட்காருவார்.

அக்காவைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ரெங்காயி முடிவு செய்தது ரேடியோ வந்த மறுவாரமே. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. ஆனால் எங்கே போவது? எந்தத் தோட்டம், எந்த ஊர்? தன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தன் ஊர்ப் பெயரை யார் சொல்கிறார்கள்? நல்லம்மா கடைக்குப் போகிறேன் என்பாள், கோயிலுக்குப் போகிறேன் என்பாள், மேலே போகிறேன் கீழே போகிறேன் என்பாள். எந்தக் கடை, எந்தக் கோயில், எதற்கு மேலே என்று சொல்லவே மாட்டாள். யோகராசு செல்போனில் தேடாத பக்கமில்லை. நல்லம்மா என்ற பெயரில் அந்த மலைகளில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒரே ஒரு சொல் விழுந்தால் போதும் என்று நாங்கள் முறை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சொல் விழவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அங்கே காலையிலேயே அம்மியில் மிளகாய் நசுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ரொட்டி தட்டுகிற சத்தம். நாங்கள் சிலர் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தோம்.

"இன்னைக்கு என்ன அத்த, காலங்காத்தால கட்டச் சம்பலு?" என்று சரோஜா கேட்டாள்.

"இன்னைக்கு எந்தங்கச்சி நாளு. மறந்துட்டியா? அவளுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும்னா உசுரு" என்றாள் நல்லம்மா.

ரெங்காயி முகம் மலர்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன வருசம் ஆச்சு அத்த அவுக செத்து?"

"அது கெடக்கு. அந்த நீலகிரியில மண்ணு சரிஞ்சு ஒரு காலனியே மூடிப்போச்சுன்னு ரேடியாவுல சொன்னானே, அந்த வருசம். ரெங்காயியும் எங்கம்மாவும் அதுலதான்னு வந்தவுக சொன்னாக. அன்னைக்கி இருந்து படைக்கிறேன். என்னைய விட்டா யாரு இருக்கா அதுகளுக்கு?"

பிறகு இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற சத்தம் கேட்டது. சாம்பிராணித் தட்டில் கரி உடைகிற சத்தம் கேட்டது. நல்லம்மா வாசலுக்கு வந்து காக்காயைக் கூப்பிட்டாள். காக்காய் வர நேரமானது. அவள் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள், பிறகு காக்காயை விட்டுவிட்டு, "ரெங்கு, கோவமாடி? வந்து சாப்பிட்டுட்டுப் போ, ஆறிப்போகுது" என்றாள்.

அவள் அழ ஆரம்பித்தபோது முறைப்படி சத்தத்தைக் குறைக்க யோகராசு கையை நீட்டினான். ரெங்காயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவோ நேரம் கழித்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். மாவு பிசைந்தாள், ரொட்டி தட்டினாள், கட்டச் சம்பலுக்கு மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து இடித்தாள், ஒரு வாழையிலையைப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்து கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாள். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. "இம்புட்டு வருசமா என்னைப் பட்டினி போடாம வச்சிருந்திருக்கா" என்றாள்.

உயிரோடு இருக்கிறவளுக்குப் படையல் போட்டது ஆகாது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று சில பெண்கள் சொன்னார்கள். இல்லை, செத்துவிட்டாள் என்று வதந்தி வந்தால் ஆயுசு கூடும் என்று சிலர் சொன்னார்கள். பூரணி மட்டும், "எனக்கு அப்படி ஒரு எலை போட அங்க யாருமே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ரெங்காயி அன்றிலிருந்து அக்காவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். நான் சாகவில்லை என்பது முதலில். மண் சரிந்தது பக்கத்துக் காலனியில் என்பது அடுத்தது. அம்மா எப்படிச் செத்தாள், யாரைக் கட்டினேன், அவர் எப்படிப்பட்டவர், மகள் யாரைப்போல இருக்கிறாள். குளிர்காய்ச்சலில் கிடந்தபோது அக்கா வந்து தலையைப் பிடித்துவிட்டதாகக் கண்ட கனவுகூட அந்த வரிசையில் இருந்தது. தேயிலைக் காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

ஐப்பசி மழையில் நல்லம்மாவின் மூச்சு மாறியது. முதலில் இருமல், பிறகு படுக்கை, பிறகு ஈரத் துணியை இழுத்துக் கிழிப்பதுபோல ஒரு மூச்சு. முள்ளைக் கொழும்பிலேயே வைத்துவிட்டு நாங்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். தெரிந்த வைத்தியமெல்லாம் ரேடியோவைப் பார்த்துச் சொன்னோம். "தலைய ஒசத்தி வை சரோஜா" என்று பெண்கள் சொல்வார்கள். சரோஜாவும் யாரும் சொல்லாமலேயே தலையணையை உயர்த்தி வைப்பாள்.

ஒரு மத்தியானம் மூச்சு மிகவும் மோசமானபோது சரோஜா ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அப்போதுதான், நாங்கள் அத்தனை மாதம் காத்திருந்த அந்தச் சொல் விழுந்தது. பூச்சிக்காட்டுத் தோட்டம், கீழ்ப் பிரிவு, தண்ணித்தொட்டி லயம் என்று சரோஜா கத்தினாள். வழி மறித்து மண் விழுந்திருக்கிறது, சரியானதும் கூப்பிடுங்கள் என்று தன் செல்போன் நம்பரையும் ஒவ்வோர் இலக்கமாகக் கத்தினாள். கையில் பேனா இருந்தவர்கள் உள்ளங்கையில் எழுதினோம், இல்லாதவர்கள் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தோம். யோகராசு நம்பரைப் போட்டு, போனை ரெங்காயியிடம் கொடுத்தான்.

ரேடியோவுக்குள் ஒரு போன் அடித்தது.

"அலோ, ஆம்புலன்சா?" சரோஜாவின் குரல் போனிலிருந்தும் பெட்டியிலிருந்தும் சேர்ந்து வந்தது.

"இல்லம்மா. நான் ரெங்காயி. ஒங்க அத்தையோட தங்கச்சி. இந்தியாவுல இருந்து பேசுறேன்."

கூரை மேல் மழை மட்டும் கேட்டது.

"அவுக செத்துட்டாகளே" என்றாள் சரோஜா.

"சாகலம்மா. யாரோ தப்பாச் சொல்லிட்டாக. எல்லாத்தையும் பொறவு சொல்றேன். அக்கா காதுல வை."

கட்டில் கிரீச்சிட்டது. அந்த மூச்சு பக்கத்தில் வந்தது.

"அக்கா" என்றாள் ரெங்காயி. அடுத்த கணம் அவளுடைய குரலே ரேடியோவிலிருந்து, அக்காவின் அறைக்குள்ளிருந்து, அக்கா என்றது.

"யாரு?"

"ரெங்காயிக்கா."

மூச்சு கொஞ்சம் நின்று மறுபடி வந்தது. "வந்துட்டியா" என்றாள் நல்லம்மா. "அம்மா வருமோ நீ வருவியோன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

"அக்கா, நான் சாகல. உசுரோட இருக்கேன். மண்ணு சரிஞ்சது பக்கத்துக் காலனியில. எனக்கு ஒரு மக இருக்கா..."

"ஒனக்கும் இப்படித்தான் மூச்சு முட்டுச்சாடி, மண்ணு விழுந்தப்ப?"

ரெங்காயி எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"எனக்கு ரொம்ப முட்டுது" என்றாள் நல்லம்மா. "தனியாப் போகணுமேன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இருட்டா இருக்குமோ என்னமோ. இப்ப நீ வந்துட்ட. வழி தெரியுமாடி ஒனக்கு?"

சொல்வதற்கென்று ரெங்காயி அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவளுடைய கல்யாணம் நின்றது, மகள் நின்றாள், ஒரு முழு ஆயுசும் வரிசையில் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, நாள் முழுக்கப் பறித்த கொழுந்தை நிறுவைக்குக் காட்டாமலே கொட்டிவிடுகிறவளைப்போல, அத்தனையையும் அவள் கீழே விட்டாள்.

"தெரியும்க்கா" என்றாள். "நான் வந்த வழிதான. ஒண்ணும் இருட்டா இருக்காது."

"அம்மா இருக்கா?"

"இருக்கு. ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

"கைய விட்றாதடி."

"விட மாட்டேன். நான் முன்னால போறேன், நீ என் பின்னாலேயே வா. மெதுவா வா, அவசரமில்ல."

மெதுவா வா, அவசரமில்ல என்று ரேடியோவும் சொன்னது. போன் எப்போது நின்றதென்று தெரியவில்லை. பெட்டியில் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது; முன்புபோல் கிழியாமல், படி இறங்குகிறவர்களின் மூச்சுபோல நிதானமாக வந்தது, இடைவெளி விட்டு வந்தது, இன்னும் அதிக இடைவெளி விட்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் சரோஜாவின் அழுகுரல் எழுந்தது.

எங்கள் பெண்கள் ரெங்காயியைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். ரெங்காயி அழவில்லை. வலது கையை மடியில் இறுக மூடி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பூரணி அவள் கையைப் பிடித்து விரலைப் பிரிக்கப் பார்த்தாள். "இன்னுங்கொஞ்ச தூரம் போகணும்" என்றாள் ரெங்காயி. பூரணி கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த எழவு வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். அடைக்கலம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குரலையும் கேட்டார். தம்பியின் கனைப்பு அதில் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு சரோஜாவின் புருஷன் அவளைக் கொழும்புக்கு அழைத்துக்கொண்டு போனான். கதவு சாத்துவதும் பூட்டு விழுவதும் கேட்டன. அதற்கப்புறம் ரேடியோவில் பூட்டிய வீடுதான் இருந்தது. வெயிலில் தகரம் விரிகிற சத்தம், எலி ஓடுகிற சத்தம், மழை. கொஞ்ச நாள் மழையைக் கேட்பதற்கும் வந்து உட்கார்ந்தோம். பிறகு அவரவர் வீட்டில் அவரவர் டிவி இருந்தது. அடைக்கலம் கடைசியாக நின்றவர். அவரும் குளிர்காலத்தில் எழுந்து நடமாட முடியாமல் போனார். பாஸ்போர்ட் வந்தது. ரெங்காயி அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, யோகராசு ஒரு வீட்டுக் கூரைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, போனோடு ரெங்காயியிடம் ஓடி வந்தான். கொழும்பிலிருந்து சரோஜா.

"சின்னத்த, அன்னைக்கிப் பேசினது நெசமாவே நீங்கதானா? எங்க வீட்டுக்காரரு நம்ப மாட்டேங்குறாரு. வந்த நம்பர வச்சிருந்தேன். கூப்பிடத்தான் பயமா இருந்துச்சு."

"நாந்தாம்மா."

"அப்ப நீங்க உசுரோட இருக்கீகளா?"

உலை கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரெங்காயி எழுந்து போய் மூடியை நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

"இருக்கேம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அக்காவுக்கு எலை போடுறப்ப அத மட்டும் சொல்லிறாத தாயி. என்னைய நம்பிப் போனவ அவ" என்றாள்.